சாராத் தொடையும் கணிப்பின் கடினமும்

விடையொன்றைக் காண்டல் வேறு. கண்ட விடை சரியானதா எனச் சோதித்தல் வேறு. பரீட்சை எழுதும் மாணவரும் விடைத்தாள் திருத்தும் ஆசிரியரும் இவ்வேறுபாட்டை நன்கறிவர். பல மணி நேரம் முயன்று கண்ட நிறுவல் ஒன்றைச் சில நிமிடங்களிற் படித்துச் சரிபார்த்தல் கூடும். இவ்விரு தொழில்களுக்கும் இடையேயுள்ள தூரம் மனிதர் இன்னும் தக்க வழியைக் காணாமையால் மட்டும் தோன்றுவதா, அன்றிப் பிரச்சினைகளின் இயல்பிலேயே அமைந்து கிடப்பதா என்பது இக்காலக் கணிதவியலின் தீராத பெருவினாக்களுள் ஒன்றாகும். அவ்வினாவின் தன்மையை விளக்குதற்கு வரைபுக் கொள்கையிலுள்ள சாராத் தொடைப் பிரச்சினை மிகவும் ஏற்றது. அதனைக் கூறுதற்குச் சில சொற்களே போதும்; தீர்த்தற்கோ இன்றுள்ள கணினிகள் அனைத்தும் சேர்ந்தாலும் போதா என்னும்படி அது விரிந்து செல்லும்.

வரைபும் சாராத் தொடையும்

வரைபுக் கொள்கை 1736 ஆம் ஆண்டில் தோன்றியது எனக் கொள்ளுதல் மரபு. கோனிக்ஸ்பேர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒரு முறை மாத்திரமே கடந்து செல்லுதல் இயலாது என லியோனாட் ஒயிலர் நிறுவியமையே அதற்கு அடிப்படை. இக்கொள்கையில் வரைபு எனப்படுவது ஆள்கூற்றுத் தாளில் வரையப்படும் வளைகோடு அன்று. சில புள்ளிகளும், அப்புள்ளிகளுட் சில சோடிகளை இணைக்கும் கோடுகளும் சேர்ந்ததே வரைபாகும். புள்ளி உச்சி எனவும், கோடு விளிம்பு எனவும் பெயர் பெறும். ஓர் உச்சியிற் சந்திக்கும் விளிம்புகளின் எண்ணிக்கை அவ்வுச்சியின் படி எனப்படும். உச்சிகளுட் சிலவற்றைத் தெரிந்தெடுக்கும்போது, எடுத்தவற்றுள் எந்த இரண்டையும் ஒரு விளிம்பு இணைக்காதாயின், அத்தெரிவு சாராத் தொடை எனப்படும். தரப்பட்ட வரைபொன்றில் மிகப் பெரிய சாராத் தொடையைக் காண்க என்பதே பிரச்சினை.

பாடசாலைப் பரீட்சை நேரசூசியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒவ்வொரு பாடமும் ஓர் உச்சி. ஒரே மாணவர் கற்கும் இரு பாடங்களை ஒரே வேளையில் நடத்தல் இயலாது. ஆதலின் அவ்விரு உச்சிகளையும் ஒரு விளிம்பினால் இணைக்க. ஒரே வேளையில் நடத்தத்தக்க பாடங்களின் கூட்டம் ஒரு சாராத் தொடையாகும். தமிழ், பௌதிகம், இரசாயனம், வரலாறு, புவியியல், கணக்கியல், வணிகம் என ஏழு பாடங்கள் உள்ளன என்க. தமிழை யாவரும் கற்பர். ஆதலின் அது ஏனைய ஆறுடனும் இணையும். பௌதிகமும் இரசாயனமும், வரலாறும் புவியியலும், கணக்கியலும் வணிகமும் தம்முள் இணையும். வேறு இணைப்பு இல்லை. முதலில் தமிழைத் தெரிந்தெடுத்தால் அதனுடன் வேறெதனையும் சேர்த்தல் இயலாது. தமிழை விடுத்து மூன்று சோடிகளிலும் ஒவ்வொன்றை எடுத்தால் மூன்று பாடங்கள் கிடைக்கும்.

இதனால் ஒரு நுண்ணிய வேறுபாடு புலப்படும். மேலும் விரிக்க இயலாத தொடை வேறு. மிகப் பெரிய தொடை வேறு. தமிழ் ஒன்றே கொண்ட தொடை முன்னைய வகையைச் சார்ந்தது. ஆயின் அது மிகப் பெரியதன்று. விரிக்க இயலாத தொடையைக் காண்டல் எவர்க்கும் எளிது. மிகப் பெரியதைக் காண்டலிலேயே இடர்ப்பாடு முழுவதும் அடங்கியுள்ளது.

குறைந்த படியுடைய உச்சியை முதலில் எடுத்தால் இடர் தீராதோ என ஒருவர் வினவலாம். மேற்கூறிய எடுத்துக்காட்டில் அது தீரும், எங்கும் தீராது. ஏழு உச்சிகள் கொண்ட மற்றொரு வரைபை நோக்குக. தனியுச்சி ஒன்று, தம்முள் இணையாத மூன்று உச்சிகள், தம்முள் இணைந்து முக்கோணமாய் அமைந்த மூன்று உச்சிகள் என அவை மூவகைப்படும். தனியுச்சி இணையாத மூன்றுடனும் இணைந்துள்ளது. அம்மூன்றும் முக்கோணத்தின் உச்சிகள் ஒவ்வொன்றுடனும் இணைந்துள்ளன. தனியுச்சியின் படி 3. இணையாதவற்றின் படி 4. முக்கோண உச்சிகளின் படி 5. குறைந்த படியை நாடுவோர் தனியுச்சியை எடுப்பர். அதனால் இணையாத மூன்றும் விலக்கப்படும். எஞ்சிய முக்கோணத்தில் ஒன்றையே எடுக்கலாம். ஆகக் கிடைப்பன இரண்டு. இணையாத மூன்றையும் எடுத்திருப்பின் மூன்று கிடைத்திருக்கும். மூன்று என்பதை நூறாக்கி, முக்கோணத்துக்குப் பதிலாகத் தம்முள் முற்றும் இணைந்த நூறு உச்சிகளை வைத்தால், அவ்விதி இரண்டையே தரும். உண்மை விடை நூறாகும்.

முழுத் தேடலின் சுமை

எல்லாத் தொடைப்பிரிவுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் விடை தவறாது கிடைக்கும். ஆனால் உச்சிகள் ந எனின், தொடைப்பிரிவுகள் 2 இன் ந ஆம் வலுவாகும். செக்கனுக்கு 100 கோடி தொடைப்பிரிவுகளைச் சோதிக்கும் பொறியொன்று உளதெனக் கொள்க. உச்சிகள் 64 எனின் வேலை முடிய ஏறத்தாழ 584 ஆண்டுகள் செல்லும். உச்சிகள் 100 எனின் ஏறத்தாழ 40 இலட்சம் கோடி ஆண்டுகள் செல்லும். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என வானியலார் கணித்துள்ளனர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பொறியின் வேகத்தை இருமடங்காக்கினால், அதே நேரத்தில் ஓர் உச்சியே கூடுதலாகக் கையாளலாம்.

இதற்கு மாறாக, ந இன் மூன்றாம் வலுவளவு படிகளில் முடியும் முறையொன்று இருப்பின், 100 உச்சிகளுக்குப் பத்து இலட்சம் படிகளே வேண்டும். மேற்கூறிய பொறி அதனை ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு கூறில் முடித்துவிடும். படிகளின் எண்ணிக்கை ந இன் ஒரு நிலையான வலுவுக்கு மேற்படாத முறையைப் பல்லுறுப்பி நேரப் படிமுறை என்பர். இத்தகைய முறையே நல்ல முறை எனக் கொள்ளத்தக்கது என்னும் கருத்தை ஜாக் எட்மண்ட்ஸ் 1965 இல் வெளியிட்ட கட்டுரை நிலைநாட்டியது. அக்கட்டுரையில் அவர், ஒன்றையொன்று தொடாத விளிம்புகளுள் மிகப் பெரிய தொகுதியைக் காணும் நல்ல படிமுறையைத் தந்தார். தொடாத விளிம்புகளைத் தெரிதல் எளிது; இணையாத உச்சிகளைத் தெரிதலோ அரிது. பார்வைக்கு ஒத்த இரு பிரச்சினைகள் தன்மையில் இவ்வாறு வேறுபடுதல் இத்துறையின் வியப்புகளுள் ஒன்று.

எளிதாகும் வகைகள்

எல்லா வரைபுகளும் கடினமானவை அல்ல. சுற்று எதுவும் இல்லாத தொடர்புற்ற வரைபு மரம் எனப்படும். மரத்தின் நுனியிலுள்ள உச்சிக்கு ஓர் அயல் மாத்திரமே உண்டு. நுனியையும் அதன் அயலையும் எடாத சாராத் தொடையில் நுனியைச் சேர்க்கலாம்; அயலை எடுத்த தொடையில் அயலை நீக்கி நுனியை வைக்கலாம். இரு வழியிலும் தொடை சிறுப்பதில்லை. எனவே நுனியைத் துணிந்து எடுத்து, அயலை விலக்கி, எஞ்சியவற்றில் இவ்வாறே தொடர்ந்தால் மிகப் பெரிய தொடை கிடைக்கும்.

இருகூற்று வரைபுகளும் எளியவை. உச்சிகளை இரு கூறாக்கி, ஒவ்வொரு விளிம்பும் ஒரு கூற்றிலிருந்து மற்றதற்கே செல்லுமாறு அமைந்தவை அவை. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களை உச்சிகளாகக் கொண்டு, குதிரை ஒரு முறையிற் செல்லத்தக்க கட்டங்களை இணைக்க. குதிரை வெள்ளைக் கட்டத்திலிருந்து கறுப்புக் கட்டத்துக்கும் கறுப்பிலிருந்து வெள்ளைக்குமே பாயும். ஆதலின் இஃது இருகூற்று வரைபு. ஒன்றையொன்று வெட்டாது எத்தனை குதிரைகளை வைக்கலாம்? முழுத் தேடலுக்கு 584 ஆண்டுகள் வேண்டும் என மேலே கண்டோர் விடை சில வரிகளில் வருதலைக் காண்க. பலகையை 2 வரிசையும் 4 நிரலும் கொண்ட எட்டுப் பகுதிகளாக்குக. ஒவ்வொரு பகுதியின் எட்டுக் கட்டங்களையும் குதிரைப் பாய்ச்சலால் இணைந்த நான்கு சோடிகளாக்கலாம். பலகை முழுவதிலும் 32 சோடிகள் உள; ஒரு சோடியில் ஒரு குதிரைக்கு மேல் இருத்தல் இயலாது. எனவே 32 க்கு மேல் வைக்கவியலாது. வெள்ளைக் கட்டங்கள் அனைத்திலும் வைத்தால் 32 கிடைக்கும். விடை 32 என்பது ஐயமற நிறுவப்பட்டது.

இச்சோடிமுறை எல்லா இருகூற்று வரைபுகளுக்கும் பொருந்தும் என்பது அங்கேரிய அறிஞர் டேனெஸ் கோனிக் 1931 இல் நிறுவிய தேற்றத்தாற் பெறப்படும். தொடாத விளிம்புகளுள் மிகப் பெரிய தொகுதியின் அளவை உச்சிகளின் எண்ணிக்கையிலிருந்து கழிக்க, மிகப் பெரிய சாராத் தொடையின் அளவு கிடைக்கும்.

காண்டலும் சோதித்தலும்

பொதுவான வரைபுக்கு இத்தகைய நல்ல முறை எதுவும் அறியப்படவில்லை. ஆயினும் ஒரு விடையைச் சோதித்தல் எளிது. நூறு உச்சிகள் கொண்ட வரைபில் 40 உச்சிகள் கொண்ட சாராத் தொடை உண்டு என ஒருவர் கூறி, அவற்றைப் பெயர் சொல்லிக் காட்டினால், 780 சோடிகளை நோக்கி அவர் கூற்று உண்மையா எனத் துணியலாம். ஆம் என்னும் விடைக்குரிய சான்றைப் பல்லுறுப்பி நேரத்திற் சோதிக்கத்தக்க பிரச்சினைகளின் வகுப்பு என்.பி. எனப் பெயர் பெறும். விடையையே பல்லுறுப்பி நேரத்திற் காணத்தக்கவற்றின் வகுப்பு பி எனப்படும். பி வகுப்பிலுள்ளவை யாவும் என்.பி. வகுப்பிலும் அடங்கும். இரு வகுப்புகளும் ஒன்றேயா என்பதே தீராத வினா.

1971 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்து ஸ்டீவன் குக் இவ்வாராய்ச்சியில் ஒரு பெருந்திருப்பத்தை ஏற்படுத்தினார். உண்மை, பொய் என்னும் இரு பெறுமானங்களையே ஏற்கும் மாறிகளாலான நிபந்தனைகளை ஒருங்கே நிறைவேற்றல் கூடுமா என வினவும் பிரச்சினை, என்.பி. வகுப்பு முழுவதற்கும் தலைமையானது என அவர் நிறுவினார். அதனை விரைவில் தீர்க்கும் முறை கிடைப்பின், என்.பி. வகுப்பிலுள்ள ஒவ்வொன்றையும் விரைவில் தீர்க்கலாம். சோவியத்து நாட்டில் லியோனிட் லெவின் தனித்து அடைந்த ஒத்த முடிவு 1973 இல் வெளியாயிற்று. இடையே 1972 இல், கலிபோர்னியாவின் பேர்க்லியைச் சேர்ந்த றிச்சாட் கார்ப், 21 பிரச்சினைகள் இத்தலைமைத் தன்மை உடையன எனக் காட்டினார். அத்தகையவை என்.பி. நிறைவுப் பிரச்சினைகள் எனப்படும். அவர் பட்டியலிலுள்ள குழாம், உச்சி மறைப்பு என்னும் இரண்டும் சாராத் தொடையின் வேறு முகங்களே. இணைந்தவற்றை விலக்கியும் விலகியவற்றை இணைத்தும் வரைபை மாற்றினால், சாராத் தொடை எல்லோரும் எல்லோருடனும் இணைந்த குழாமாகும். சாராத் தொடையை நீக்கியபின் எஞ்சும் உச்சிகளோ எல்லா விளிம்புகளையும் தொடும் மறைப்பாகும்.

ஒன்று மற்றொன்றாதல்

நிபந்தனைப் பிரச்சினை சாராத் தொடைப் பிரச்சினையாக மாறும் விதம் அழகியது. பாடசாலை மாணவரும் விளங்கத்தக்கது. ஒவ்வொரு நிபந்தனையும் மூன்று கூற்றுகளுள் ஒன்றேனும் உண்மையாதல் வேண்டும் என்னும் வடிவில் அமைந்துள்ளதெனக் கொள்க. ஒரு கூற்று என்பது ஒரு மாறி அல்லது அதன் மறுப்பு. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் உச்சிகளுக்கு அந்நிபந்தனையின் மூன்று கூற்றுகளையும் பெயராக இடுக. பின்னர், எங்கெங்கு ஒரு மாறியும் அதன் மறுப்பும் வருகின்றனவோ அவ்வுச்சிகளை ஒன்றோடொன்று இணைக்க.

நிபந்தனைகளின் எண்ணிக்கை க என்க. இவ்வரைபில் க உச்சிகள் கொண்ட சாராத் தொடை உண்டா என வினவுக. ஒரு முக்கோணத்தில் ஓர் உச்சிக்கு மேல் எடுத்தல் இயலாமையால், அத்தகைய தொடை ஒவ்வொரு முக்கோணத்திலும் சரியாக ஒன்றை எடுக்கும். ஒன்றுக்கொன்று முரணான கூற்றுகள் இணைந்திருத்தலால், எடுத்த கூற்றுகளுள் முரண் இராது. ஆகவே அவற்றையெல்லாம் உண்மையெனக் கொள்ள, நிபந்தனைகள் யாவும் நிறைவேறும். மறுதலையாக, நிபந்தனைகள் யாவும் நிறைவேறுமாயின் ஒவ்வொன்றிலும் உண்மையான கூற்று ஒன்றை எடுக்க, க உச்சிகள் கொண்ட சாராத் தொடை கிடைக்கும்.

இங்கு வாதத்தின் திசையை மாணவர் பிறழ உணர்தல் உண்டு. சாராத் தொடை கடினமானது எனக் காட்டுதற்குச் சாராத் தொடையை வேறொன்றாக மாற்றுதல் பயன்படாது. கடினமானது என அறியப்பட்ட ஒன்றைச் சாராத் தொடையாக மாற்றுதல் வேண்டும். அப்பொழுதே, சாராத் தொடை எளிதாயின் அதுவும் எளிதாகும் என்பது பெறப்படும்.

அண்மித்த விடையும் அரிதாதல்

மிகச் சிறந்த விடை அரிதாயின், அதனை அண்மித்த விடை போதும் எனத் திருப்தியடைதல் உலகியல்பு. உச்சி மறைப்பில் இஃது இயலும். தொடாத விளிம்புகளை இயன்றவரை எடுத்து, அவற்றின் இரு முனைகளையும் சேர்த்தால், மிகச் சிறிய மறைப்பின் இருமடங்குக்கு மேற்படாத மறைப்புக் கிடைக்கும். ஆனால் சாராத் தொடை மறைப்பின் எச்சமே ஆயினும் இந்நன்மை அதற்குக் கிட்டுவதில்லை. உச்சிகள் 100, மிகச் சிறிய மறைப்பு 50 எனின், மிகப் பெரிய சாராத் தொடையும் 50. இருமடங்கான மறைப்போ 100 உச்சிகளையும் விழுங்கிவிடும், எஞ்சுவது வெறுந்தொடையே.

இது தற்செயலான குறையன்று. சுவீடன் நாட்டு யொஹான் ஹோஸ்டாட் 1999 இல் வெளியிட்ட ஆய்வும், அதனை வலுப்படுத்தி டேவிட் சுக்கர்மன் 2007 இல் வெளியிட்ட ஆய்வும் இதனை உறுதிப்படுத்தின. பி, என்.பி. என்னும் வகுப்புகள் வேறாயின், ந உச்சிகளுடைய எல்லா வரைபுகளிலும் உண்மை விடையின் ந இன் 0.99 ஆம் வலுவிலொரு பங்கையேனும் உறுதியாகத் தரும் பல்லுறுப்பி நேரப் படிமுறையும் இல்லை. 0.99 என்னுமிடத்தில் ஒன்றிலும் குறைந்த எந்த எண்ணையும் வைக்கலாம். ஓர் உச்சியை மட்டும் எடுத்துக் காட்டுதல் ந இலொரு பங்கைத் தருமாதலால், உறுதிமொழி என்ற அளவில் அதனினும் பெரிதாக எதனையும் எதிர்பார்த்தல் இயலாதென்பதே இதன் கருத்து.

கடினத்தை எதிர்கொள்ளும் வழிகள்

கடினம் என்பதனால் அறிஞர் வாளாவிருந்தாரல்லர். ஓர் உச்சியை நோக்கி, அது விடையில் உண்டு அல்லது இல்லை என இரு கிளையாகப் பிரித்தல் ஒரு வழி. இல்லையெனின் ஓர் உச்சி குறையும். உண்டெனின் அதன் அயல்களும் நீங்கும். படி மூன்றோ அதற்கு மேலோ உடைய உச்சியையே இவ்வாறு பிரித்தால், ஒரு கிளையில் ஒன்றும் மறுகிளையில் நான்கேனும் குறையும். படி இரண்டுக்கு மேற்படாத வரைபுகள் வெறும் பாதைகளும் சுற்றுகளுமே ஆதலின் அவை எளியவை. இம்முறையில் உச்சி ஒன்றுக்கு வேலை இருமடங்காகாது, ஏறத்தாழ 1.38 மடங்கே ஆகும். 40 இலட்சம் கோடி ஆண்டுகள் வேண்டிய 100 உச்சிகளின் வேலை, அதே வேகத்தில் ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடியும். 1977 இல் றொபேட் டார்ஜனும் அந்தனி ட்ரொஜனோவ்ஸ்கியும் இதனை மேலும் செம்மைப்படுத்தி, 2 இன் வலுவை ந இன் மூன்றிலொன்றாகக் குறைத்தனர். அக்கணக்கின்படி நூறு உச்சிகளுக்குப் பதினொரு செக்கன்கள் அளவே செல்லும். எனினும் 300 உச்சிகள் வந்தவிடத்து அதே முறைக்கு 2 இன் 100 ஆம் வலுவளவு படிகள் வேண்டும்; விலகிப்போன பழைய மலை மீண்டும் எதிரே நிற்கும்.

வரைபின் தனியமைப்பைப் பயன்படுத்தல் மற்றொரு வழி. விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டாது தாளில் வரையத்தக்க தளவரைபுகளிலும் மிகப் பெரிய தொடையைக் காண்டல் கடினமே. ஆயினும் 1976 இல் அப்பலும் ஹாக்கனும் நிறுவிய நான்கு நிறத் தேற்றத்தினால், அத்தகைய வரைபில் உச்சிகளின் நாலிலொரு பங்கேனும் கொண்ட சாராத் தொடை உண்டென்பது உறுதி. ஏனெனில் நான்கு நிறங்களுள் ஒன்றேனும் அத்தனை உச்சிகளிற் காணப்படும். ஒரே நிறத்தவை தம்முள் இணையா.

இப்பிரச்சினை வெறும் ஏட்டுப் புதிரன்று. 1956 இல் குளோட் ஷனன், பிழையேயின்றிச் செய்தி அனுப்புதலை ஆராய்ந்தபோது இதனையே எதிர்கொண்டார். ஐந்து குறிகளை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றும் தன் அயற்குறியோடு மயங்கக்கூடும் எனக் கொண்டால், மயங்காதவை இரண்டே. இரு குறிகள் சேர்ந்த சொற்களை நோக்கினால், இரண்டின் வர்க்கமான நான்கே கிடைக்கும் என எதிர்பார்ப்பர். உண்மையில் 11, 23, 35, 42, 54 என ஐந்து கிடைக்கும். சொற்களை எத்துணை நீட்டினும் இவ்வீதத்தை விஞ்சுதல் இயலாது என லாஸ்லோ லொவாஸ் நிறுவியது 1979 இலேயே. ஐந்து உச்சிகள் கொண்ட ஐங்கோணத்தின் சாராத் தொடைகளை முற்ற அறிதற்கு 23 ஆண்டுகள் சென்றன.

முடிவு

ஈண்டுக் கடினம் என்னும் சொல்லை எச்சரிக்கையுடன் ஆளுதல் வேண்டும். சாராத் தொடைப் பிரச்சினையைத் தீர்த்தல் இயலாது என எவரும் நிறுவவில்லை. முழுத் தேடலினால் அஃது என்றும் தீரும். விரைவான முறை இல்லையென்பதும் நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டது ஒன்றே: இதற்கு விரைவான முறை உண்டாயின், என்.பி. வகுப்பு முழுவதற்கும் உண்டு. 'அறியப்படவில்லை' என்பதை 'இல்லை' எனக் கொள்ளுதலும், 'பொதுவிற் கடினம்' என்பதை 'யாண்டும் கடினம்' எனக் கொள்ளுதலும் பொருந்தா.

பி, என்.பி. வினாவைத் தீர்ப்போர்க்குக் கிளே கணித நிறுவகம் 2000 ஆம் ஆண்டில் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. அப்பரிசு இன்னும் வழங்கப்படவில்லை. வினாவின் பயன் அப்பரிசினும் பெரிது. இரு வகுப்புகளும் ஒன்றேயாகி, அதற்குரிய முறையும் நடைமுறைக்கு ஏற்றதாயின், இக்காலத்து வங்கிகளும் அரசுகளும் நம்பியுள்ள இரகசியக் குறியீடுகள் பல பயனற்றுப் போகும். கணிதவியலுக்கே நேரும் மாற்றம் அதனினும் ஆழமானது. குர்ட் கோடல் 1956 இல் ஜோன் வொன் நியூமனுக்கு எழுதிய கடிதத்தில், குறித்த நீளமுள்ள நிறுவல் ஒன்று உண்டா எனப் பொறி துணிவதற்கு எத்தனை படிகள் வேண்டும் என வினவினார். அவ்வெண்ணிக்கை மெதுவாகவே வளருமாயின், ஆம், இல்லை என்னும் வினாக்களைப் பொறுத்தவரை, கணித அறிஞரின் சிந்தனைத் தொழிலைப் பொறியே செய்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சோதிக்கத்தக்கது அனைத்தும் காணவும் எளியதாகுமா என்னும் அதே வினாவே, பரீட்சை நேரசூசியின் ஏழு பாடங்களுக்குள்ளும் மறைந்து கிடக்கின்றது. அதனைத் துணிதற்குரிய கருவிகள் இன்னும் உருவாகவில்லை. உருவாக்கும் பொறுப்பு இன்று கணிதம் பயிலும் இளந்தலைமுறையினர்க்கு உரியது.